பூனைக்கு வந்த சீனி

பூனை கானில் கிடந்தது. தேயிலை மலையில் மழைத்தண்ணீர் ஓட வெட்டிவிடும் வாய்க்காலைக் கான் என்போம். நான் கவ்வாத்து வெட்டுகிறவன். குனிந்து செடியை வெட்டும்போது கீழே சாம்பல் நிறத்தில் ஏதோ தெரிந்தது. பழைய சாக்கு என்று நினைத்தேன். சாக்கு என்னைப் பார்த்தது.

பக்கத்தில் வெட்டிக்கொண்டிருந்த கூட்டாளி எட்டிப் பார்த்தான்.

"விடு மச்சான். அது சாகத்தான் வந்து படுத்திருக்கு."

"சாகட்டும். இங்க தனியா கெடந்து சாக வேணாம்."

அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை. சட்டையைக் கழற்றிச் சுற்றித் தூக்கிவந்தேன்.

பிள்ளைகள் கொழும்பில் வேலை செய்கிறார்கள். லயம் என்கிற தோட்டத்து வரிசை வீடுகளில், ஒரு அறையில் நானும் மனைவியும்தான். அவள் கொழுந்து எடுத்துவிட்டு வந்து பார்த்தாள்.

"இது எங்க படுக்கும்?"

"அடுப்படியில."

"நான் தொட மாட்டேன். சொல்லிப்புட்டேன்."

"சரி."

கொழுந்துக் கூடையில் வைத்து, வட்டகொடையில் ரயில் ஏறி, நானுஓயாவில் இறங்கி, பஸ் பிடித்து நுவரெலியாவுக்குக் கொண்டுபோனேன். மிருக வைத்தியர் சிங்களத்தில் சொன்னார். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. இரண்டு மாதம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். மருந்து கேட்டேன். தண்ணீர்தான் மருந்து என்றார். தினமும் கழுத்துத் தோலைத் தூக்கி, ஊசி குத்தி, சேலைன் ஏற்ற வேண்டும். எப்படி என்று ஒரு தரம் காட்டினார்.

இருபத்தைந்து வருசம் கத்தி பிடித்த கைக்கு ஊசி பிடிக்கத் தெரியவில்லை. காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் பிந்தி வந்தவனைக் கணக்கப்பிள்ளை பார்ப்பதுபோல் பூனை என்னைப் பார்த்தது.

மனைவி கதவோரம் நின்றாள். "தோல நல்லா தூக்குங்க. ஆட்டாதீங்க."

"நீ புடியேன்."

"நான் தொட மாட்டேன்னு சொன்னேன்ல."

கருவாடு கொடுக்கக் கூடாது என்பது வைத்தியர் கட்டளை. கருவாட்டுக் குழம்பு வைத்தால் பூனை சட்டிக்கு முன்னால் உட்கார்ந்து சாமி கும்பிடும். இரண்டாவது வாரம் மனைவி கருவாடு வாங்குவதை நிறுத்தினாள். சலித்துப்போச்சாம். கருவாடு இல்லாமல் அவளுக்கு ஒரு வாய் இறங்காது.

அந்த வியாதிக்குப் பூனை தண்ணீர் நிறையக் குடிக்கும், நிறையப் பெய்யும். பழைய வெள்ளை வேட்டிகளைக் கிழித்துத் துண்டு துண்டாக அதற்கு அடியில் போட்டேன். மழை மாதம், எதுவும் காயவில்லை. மூன்று நாளாகப் பூனை சாப்பிடாமல் இருந்தபோது நான் வேலைக்குப் போகாமல் நின்றேன். அன்றைக்குப் பார்த்து வெயில் அடித்தது. லயத்து மூலையிலிருந்து ரோட்டுவரை, பாதையோரம் கயிறு கட்டி, அத்தனை துண்டையும் தொங்கவிட்டேன்.

பாதையில் வெள்ளைத்துணி வரிசையாகத் தொங்கினால் எங்கள் பக்கம் ஒரே அர்த்தம்தான். அந்த வீட்டில் சாவு. எனக்கு அது மண்டையில் ஏறவில்லை.

முதலில் மேல் லயத்து அக்கா சீனியும் தேயிலையும் பிஸ்கட்டும் கொண்டு வந்தார். பின்னால் இரண்டு பேர் நாற்காலிகளைத் தலையில் சுமந்து வந்தார்கள். கடைசியாக என் கூட்டாளி, தோளில் மண்வெட்டி. அக்கா வாசலிலேயே ஒப்பாரியை ஆரம்பித்துவிட்டார். நான் உள்ளேயிருந்து தலையை நீட்டினேன். ஒப்பாரி பாதியில் நின்றது.

"நீ இருக்கியா?"

"இருக்கேன்."

"அப்ப அவளா?"

"அவ மலைக்குப் போயிருக்கா."

"பின்ன யாருக்குடா வெள்ளக்கொடி?"

"கொடி இல்லக்கா. பூன மூத்திரத் துணி."

கூட்டாளி மண்வெட்டியைக் கீழே போட்டான். "எவ்வளவு தூரம் சொமந்துக்கிட்டு வந்தேன், மச்சான்." நான் சாகாதது அவனுக்குக் கொஞ்சம் வருத்தம்போல் தெரிந்தது.

அதற்குள் மலைக்குச் செய்தி போய்விட்டது. மனைவி கூடையில்லாமல் ஓடிவந்தாள். என்னை மேலிருந்து கீழே பார்த்தாள்.

"இருக்கீங்களா?"

"இருக்கேன்."

தோளில் ஒரு அடி போட்டாள். பிறகு, "அது?" என்றாள்.

"அதுவும் இருக்கு."

சாவு வீட்டுக்குக் கொண்டுவந்ததைத் திருப்பி எடுத்துப்போகக் கூடாது. அதனால் அவள் அடுப்பை மூட்டினாள். வந்த நாற்காலிகளில் உட்கார்ந்து, வந்த சீனியில் எல்லோரும் தேத்தண்ணி குடித்தோம். பூனை மெல்ல வெளியே வந்தது. ஒவ்வொருவர் காலாக மோந்து பார்த்து, அக்கா கையிலிருந்த பிஸ்கட்டைத் தின்றது.

"தன் சாவுக்குத் தானே வந்து திங்குது பாரு," என்றார் அக்கா.

அதற்குப் பிறகு ஒன்பது நாள் இருந்தது.

பத்தாம் நாள் நான் மலையில் நின்றேன். வேலை முடிந்து வந்தபோது மனைவி வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். பகல் சாப்பாட்டுக்கு வந்தவள், மறுபடி மலைக்குப் போகவில்லை. பூனை அவள் மடியில் கிடந்தது, சேலைத் தலைப்பு மூடியிருந்தது.

"எப்ப?"

"ரெண்டு மணி இருக்கும். மடியிலதான் போச்சு."

"தொட மாட்டேன்னியே."

"அதுவா வந்து ஏறிக்கிச்சு. நான் தொடல."

வீட்டுக்குப் பின்னால், லீக்ஸ் பாத்தி ஓரம் குழி வெட்டினேன். அவள் மேட்டில் வந்து உட்கார்ந்தாள். பூனையைக் கீழே வைக்கவில்லை.

"ஆழமா வெட்டுங்க. நாய் தோண்டும்."

முழங்கால் ஆழம் ஆயிற்று. இடுப்பளவு ஆயிற்று.

"போதும். நமக்கும் சேத்தா வெட்டுறீங்க?"

"நாய் தோண்டும்னியே."

அவள் சேலைத் தலைப்பை இழுத்துப் பூனையைச் சரியாக மூடினாள். நான் வெட்டிக்கொண்டே இருந்தேன். மேலே ஏறினால், அவள் மடியிலிருந்து அதை வாங்க வேண்டும்.