மூக்கு வழியாகப் பரிமாறினேன்

சமைத்து, பரிமாறி, கடைசியில் "நல்லா இருக்கு" என்ற ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் பாத்திரம் கழுவப் போகிறவர்களே, நீங்களும் நானும் ஒரே கட்சி. எழுபதுகளின் கடைசியில் சிங்கப்பூர் ஆஸ்பத்திரி ஒன்றில், ஐ.சி.யு. நர்ஸாக, அந்த ஊர்ப் பேச்சில் 'மிஸ்ஸி'யாக, இருந்தேன். என் நோயாளிகள் நினைவில்லாமல் படுத்திருப்பார்கள். மூக்கு வழியாக வயிறு வரை விட்ட குழாயில் நான் சாப்பாடு ஊற்றுவேன். உங்களுக்காவது உப்பு கூடினால் ஒரு முகச்சுளிப்பு கிடைக்கும். எனக்கு அதுவும் கிடையாது.

பாண்டான் இலை

குழாய்ச் சாப்பாடு அப்போதெல்லாம் எங்களுக்கு டப்பாவில் வராது. ஆஸ்பத்திரிச் சமையலறையில் பால், முட்டை, சீனி, எண்ணெய் எல்லாவற்றையும் பிளெண்டரில் அடித்து, வடிகட்டி, பாட்டிலில் அனுப்புவார்கள். அதற்குப் பொறுப்பு எல்லோரும் மக்சிக், அதாவது அத்தை, என்று கூப்பிடும் ஜமீலா என்ற மலாய்க்கார அம்மா. ஒருநாள் பாட்டிலைத் திறந்தால் கமகமவென்று வாசம். மலாய்க்காரர்கள் சோற்றுக்கும் பலகாரத்துக்கும் வாசனைக்காகப் போடும் பாண்டான் இலையைப் பாலில் போட்டுக் காய்ச்சியிருக்கிறார்! நாக்கிலேயே படாத சாப்பாட்டுக்கு வாசனை எதற்கு என்று நான் சிரித்தேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். மலாயில் அவர் கேட்டது தமிழில் இதுதான்: "வாசனை மூக்கு வழியாத்தானே போவுது? உன் குழாய் எது வழியாப் போவுது?"

புது வேட்டி

முத்தையா ஜூரோங்கில் கப்பல் பட்டறை வெல்டர். இரும்புத் தகடு கிழித்த கால் காயத்துக்குத் தைலம் தடவியே ஒரு வாரம் ஓட்டிவிட்டார். காயம் சீழ்பிடித்து, கிருமி ரத்தத்தில் ஏறி, எங்களிடம் கொண்டுவந்தபோது நினைவு தப்பியிருந்தது. இந்த நோய் வந்தால் உடம்பு தன் சதையையே எடுத்துத் தின்னும். மருந்து எவ்வளவு முக்கியமோ சாப்பாடும் அவ்வளவு முக்கியம். ஆனால் அவர் வயிறு வேலைநிறுத்தம் செய்தது. ஒவ்வொரு வேளையும் ஊற்றுவதற்கு முன் சிரிஞ்சால் உறிஞ்சிப் பார்ப்போம். போன வேளை ஊற்றியது அப்படியே திரும்பி வந்தால் அந்த வேளை பட்டினிதான். முத்தையாவுக்கு ஒவ்வொரு முறையும் அப்படியே வந்தது.

அவருடைய அண்ணனுக்குத் தேக்கா மார்க்கெட்டில் ஆட்டிறைச்சிக் கடை. எங்கள் பாலில் அவருக்கு நம்பிக்கை இல்லை. தூக்குவாளியில் நெஞ்செலும்பு சூப் கொண்டுவந்தார். சீரகமும் மிளகும் குழாயை அடைத்துக்கொள்ளும் என்று திருப்பி அனுப்பினேன். மறுநாள் அதே சூப், துணியில் நாலு தடவை வடிகட்டியதாம். எந்தத் துணியோ, அதில் என்ன அழுக்கோ என்று நான் இழுத்ததும் மனிதருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "புது வேட்டி மிஸ்ஸி! தீபாவளிக்கு வாங்குனது, இன்னும் இடுப்புலயே ஏறல லா!"

சீனித் தண்ணி

முத்தையாவின் மனைவி தனபாக்கியம் வராந்தா பெஞ்சிலேயே குடியிருந்தார். நான் கதவைத் திறந்தாலே "சாப்பிட்டாரா?" என்பார். இல்லை என்பேன். தலையாட்டிவிட்டு உட்கார்ந்துகொள்வார். மூன்றாம் நாள் எழுந்து நின்றவர் தள்ளாடி என் மேலேயே சாய்ந்தார். முத்தையாவின் அண்ணனை இறைச்சிக் கடையிலிருந்து வரவழைத்துக் கேட்டால்தான் விஷயம் தெரிகிறது. கல்யாணமான நாளிலிருந்து கணவர் சாப்பிட்ட பிறகுதான் இந்த அம்மா சாப்பிடுவாராம். அவர் வயிறு மறுத்த ஒவ்வொரு வேளைக்கும் இவரும் பட்டினி!

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. உள்ளே ஒருவர் போதாதா? ஆனாலும் குரலை இறக்கி, "அக்கா, அவருக்குக் கையில டிரிப் ஏறுது பாருங்க. சீனித் தண்ணி. அதுவும் சாப்பாடு மாதிரிதான்" என்றேன். தனபாக்கியம் தலையாட்டினார். "அப்ப எனக்கும் சீனித் தண்ணி போதும் மிஸ்ஸி. அவருக்கு எதுவோ அதுதான் எனக்கும்."

கழுத்துச் சங்கிலி

அடுத்த நாள் நான் பொய் சொன்னேன். "சாப்பிட்டுட்டாரு அக்கா, வயிறு நிறைய. நீங்க போய்ச் சாப்பிடுங்க" என்றேன். அவர் முகம் மலர்ந்தது. அந்த நேரம் பார்த்துத்தானா அட்டெண்டன்ட் தள்ளுவண்டியை வெளியே கொண்டுவர வேண்டும்? முத்தையாவின் கட்டில் எண் எழுதிய பாட்டில், தொடாமல், தளும்பத் தளும்ப அதில் நின்றது. தனபாக்கியத்துக்குப் படிக்கத் தெரியாதென்று நான் நினைத்திருந்தேன். எண் எல்லோருக்கும் தெரியும்.

அவர் சத்தம் போடவில்லை. நான் குனிந்தபோது காலருக்கு வெளியே வந்துவிட்ட என் சங்கிலியைப் பார்த்தார். "சிலுவை போட்டிருக்கீங்க மிஸ்ஸி. நீங்களா?"

காலி சிரிஞ்சு

அந்த வாரம் சர்ச்சில் பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் இதைத்தான் முதலில் சொன்னேன். ஆனால் முத்தையா பிழைப்பாரா என்ற பயம் போகவில்லை. முத்தையாவின் தோள் எலும்பு துருத்திக்கொண்டு நின்றது. வயிறு இனியும் திறக்காவிட்டால் தாங்க மாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தலையணையை உயர்த்தி, பாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, வழக்கமான அளவு வேண்டாம், நாலைந்து ஸ்பூன் அளவுதான் ஊற்றச் சொன்னார். ஊற்றினேன். இரண்டு மணி நேரம் கழித்து உறிஞ்சிப் பார்க்கிற நேரம் வந்ததும் சிரிஞ்சைக் கையில் எடுக்கவே தயங்கினேன்.

என் வாய்ச்சொல்லை இனி யார் நம்புவார்கள்? தலைமை நர்ஸிடம் அனுமதி வாங்கி, தனபாக்கியத்துக்கு அங்கியை மாட்டிக் கட்டிலருகே நிறுத்தினேன். அவர் கண்முன்னால் சிரிஞ்சைக் குழாயில் பொருத்தி மெதுவாக இழுத்தேன். காற்று. மறுபடி இழுத்தேன். ஒன்றிரண்டு சொட்டு, அவ்வளவுதான். ஊற்றியதெல்லாம் உள்ளே இறங்கியிருந்தது! நான் அழுதேன், வேலை நேரத்தில் அழுதது அதுதான் முதல் தடவை. தனபாக்கியம் அழவில்லை. கணவர் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு விறுவிறுவென்று கேன்டீனுக்குப் போனார்.

பரோட்டா சாப்பிட்டுத் திரும்பி வந்தபோது கையில் இன்னொரு பரோட்டாப் பொட்டலம் இருந்தது. அடுத்த வேளை எப்போது என்று கேட்டார். இனி இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் ஊட்டப்போகிறோம் என்றேன். அவர் பொட்டலத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்ப நானும் ரெண்டு மணிக்கு ஒருக்கா சாப்பிடணுமா மிஸ்ஸி?"

ஒரு மாதம் கழித்து முத்தையா பாதியாக இளைத்து, கம்பூன்றி நடந்து வீட்டுக்குப் போனார், கூடவே தனபாக்கியம் சதைபோட்டு, ரவிக்கைத் தையலைப் பிரித்துவிட்டுக்கொண்டு போனார். குழாயில் ஊற்றுவது யார் உடம்பில் ஒட்டும் என்று எங்கள் பாடப்புத்தகம் எதிலும் போட்டிருக்கவில்லை.