கோழிக்கொண்டை மயில்

போன மாதம் மகள் தன் போனில் மலையில் நடந்த பூக்காட்சியைக் காட்டினாள். பூவிலேயே யானை, பூவிலேயே தேர். "இதெல்லாம் ஒனக்கு எங்கம்மா தெரியும்" என்றாள். கோவில்பட்டிப் பக்கம் கரிசல் மண்ணில் முதன்முதலாகப் பூவில் மயில் நின்றது எங்கள் வீட்டு வாசலில்தான்.

அப்பாவுக்கு மலையில் தோட்ட வேலை. பூக்காட்சி முடிந்து வைகாசிக்கு மேல்தான் ஊருக்கு வருவார், வந்த வேகத்தில் கிளம்பிவிடுவார். அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்விட்டால் எனக்குப் பேச்சுத்துணைக்கு ஆள் கிடையாது. எனக்கு ஏழு வயதிருக்கும், அந்த வருஷம் வந்தவர் ஆடி கழிந்தும் போகவில்லை. வாசலில் பூக்காட்சி மாதிரியே ஒரு தோட்டம் போடப்போவதாகச் சொன்னார். நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். அங்கே பூப்பது இங்கேயும் பூத்துவிட்டால் அவர் எதற்கு அங்கே போகப்போகிறார்?

மலையில் செய்கிற மாதிரியே மண்ணை அணைத்து மேட்டுப்பாத்தி கட்டினார். நாலு வெயிலுக்கே மேடு பிளந்துகொண்டது. என் கை உள்ளே போகும், அப்படி வெடிப்பு. பக்கத்து வீட்டு அத்தை எட்டிப் பார்த்தாள்.

"ஏ அண்ணாச்சி, யாரப் பொதச்சிருக்கீரு?"

அப்பாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "அங்கன விடாம மழை பெய்யும், தண்ணி வடியணும்னு மேடு போடுவோம். இங்கன எதுக்கு மேடு? எனக்குத்தான் புத்தி மலையிலயே நிக்குது" என்று வெட்டி நிரவித் தரையோடு தரையாக்கினார்.

கொண்டுவந்த மலைப்பூ விதையும் முளைக்கவில்லை. அதையும் விட்டுவிட்டு, நம் குப்பைமேட்டில் தானாக முளைக்கிறதை எடுத்தார். மயில் கழுத்துக்கு வாடாமல்லி, தோகைக்குக் கோழிக்கொண்டை, சுற்றிலும் ஓரத்துக்கு நித்தியகல்யாணி. முளை தெரிந்ததும் என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். கீழே நின்றால் வெறும் செடி, அங்கிருந்து பார்த்தால் மயில்.

"தெரியுதாட்டி?"

"தெரியுதுப்பா. காலு எங்க?"

"மயிலுக்குக் காலு அசிங்கம்லா. மறச்சு வச்சிருக்கு."

புரட்டாசியில் கிளம்பிவிட்டார். போகும்போது களைசுரண்டியை என் கையில் கொடுத்து, "தண்ணி ஊத்தி மாளாது. மேல்மண்ணக் கீறி விட்டுக்கிட்டே இரு, வெடிப்பு விழாட்டா உள்ள ஈரம் நிக்கும்" என்றார். நான் கீறினேன். பள்ளிக்கூடத்துக்குப் போகாமல்கூடக் கீறியிருக்கிறேன்.

மழை விழுந்து கார்த்திகையில் பூத்தது. தெருவே வந்து பார்த்தது. எனக்குத்தான் பார்க்க முடியவில்லை. உரலைக் கவிழ்த்துப் போட்டு ஏறினாலும் பாதித் தோகைதான் தெரிந்தது. அம்மா தூக்கினாலும் அந்த உயரம் வரவில்லை. வந்தவர்களிடமெல்லாம், பொங்கலுக்கு எங்கப்பா வந்து காட்டுவாக என்று சொன்னேன்.

பொங்கலுக்கு அப்பா வரவில்லை. அவரோடு வேலை பார்த்த ஒருவர்தான் வந்தார். வாசல் ஓரமாக நின்று அம்மாவிடம் தணிந்த குரலில் என்னவோ சொன்னார். அம்மா முழுசும் கேட்டுவிட்டு, கருப்பட்டிக் காப்பி கொடுத்து அனுப்பினாள். பிறகு பாத்தியில் உட்கார்ந்து, காய்ந்த பூவையெல்லாம் கசக்கி விதையெடுத்துப் பழைய சேலைத் துணியில் முடிந்தாள்.

"அப்பாட்ட குடுக்கவாம்மா?"

"இல்லட்டி. இனிமே நீதான் வெதைக்கணும். மயிலு எப்படின்னு ஒனக்குத்தான தெரியும்."

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அந்த முடிச்சோடு அத்தை வீட்டுக்கு ஓடி, "அத்தை, இனிமே மயிலு எம்பொறுப்பு" என்றேன். எப்போதும் கேலி பேசுகிறவள் அன்றைக்கு என்னை இழுத்து மடியில் வைத்து இறுக்கிக்கொண்டாள். மலையில் அப்பாவுக்கு வேறொரு குடும்பம் ஆகிவிட்டது, இனி வரமாட்டார் என்பது அதற்குள் அவளுக்கும் தெரிந்திருக்கிறது. நான் இறங்குவதற்குத் திமிறிக்கொண்டிருந்தேன். பொறுப்பு வந்துவிட்ட பெரிய மனுஷியை யாராவது மடியில் வைப்பார்களா?