வளையம் விழாத தட்டு

நான் கிருமி வளர்க்கிறவள். வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் எங்கள் ஆய்வுகூடம் இருக்கிறது. தொண்டை, சீழ், சிறுநீர் என்று எது வந்தாலும் தட்டில் தடவி, சூட்டுப்பெட்டியில் வைத்து, மறுநாள் என்ன முளைத்திருக்கிறது என்று பார்ப்பது என் வேலை. இருபது வருடமாகச் செய்கிறேன். கை சுத்தம். வாய்தான் கொஞ்சம் நீளம்.

தட்டில் இருப்பது இரத்தம் கலந்த கூழ். தொண்டையைப் புண்ணாக்கும் ஒரு கிருமி அதில் வளர்ந்தால் நஞ்சைக் கக்கும். நஞ்சு இரத்த அணுவின் சவ்வில் ஓட்டை போட, அணு வீங்கி வெடிக்கும். வெடித்த இடம் சிவப்புப் போய்த் தெளிந்து, கிருமியைச் சுற்றி ஒரு வளையமாகத் தெரியும். வளையத்தைப் பார்த்தால் சந்தேகமே வேண்டாம், மருந்து தொடங்கவேண்டும். அந்தத் தொண்டை நோவைச் சின்னப் பிள்ளைகளில் அப்படியே விட்டால் பிறகு இருதயத்தில் கொண்டுபோய் விடக்கூடும். ஒன்பது நாளுக்குள் மருந்து தொடங்கிவிட்டால் அந்தப் பயம் இல்லை என்று எங்களுக்குப் படிப்பித்தார்கள்.

பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் ஒவ்வொரு முறையும் கேட்பார்கள்.

"அப்ப தொண்டையில இருக்கிற செல் எல்லாம் வெடிச்சுப் போகாதோ மிஸ்?"

போகாது. சவ்வில் ஓட்டை விழுந்ததும் வெளியே இருக்கிற கல்சியம் உள்ளே பாயும். அதுதான் செல்லுக்குச் செய்தி. செய்தி கிடைத்த சில நொடிகளில் உள்ளிருந்து சவ்வுத் துண்டுகளைக் கொண்டுவந்து ஓட்டையை அடைக்கப் பார்க்கும். இல்லாவிட்டால் நஞ்சும் ஓட்டையுமாக அந்த இடத்தையே கிள்ளி வெளியே எறிந்துவிட்டு மிச்சத்தை மூடிக்கொள்ளும். சிவப்பணுவிடம் இந்தச் சாமான்கள் அநேகமாக இல்லை, அதனால்தான் அது வெடிக்கிறது. "சின்ன ஓட்டைதானே எண்டு பேசாமல் இருந்தால் செல் செத்துப்போகும், பிள்ளையள்" என்று முடிப்பேன். அந்த வசனம் எனக்கு நல்ல விருப்பம். இப்போது அதைச் சொல்ல நாக்குக் கூசுகிறது.

பெட்ரோல் கியூ காலம் அது. தட்டுக்கு வேண்டிய ஆட்டிரத்தம் கொண்டுவரும் வாகனம் வரவில்லை. அப்படி வராத நாளில் எங்களில் ஒருவர் இரத்தம் எடுக்கக் கையை நீட்டுவது ஆய்வுகூடத்தில் நெடுநாள் வழக்கம். சரியான முறை இல்லைத்தான், ஆனால் வேலை நடக்கவேண்டுமே. அந்தத் திங்கட்கிழமை காலை நான் நீட்டினேன். என் நரம்பு நல்ல நரம்பு என்று எனக்கு ஒரு பெருமை வேறு.

அந்த வாரம் எனக்குப் பல்லுக்கொதி. பல் டொக்டரிடம் போகச் சோம்பல் பட்டு, ஒழுங்கை முனைப் பாமசியில் நானே கேட்டு அன்டிபயோட்டிக் வாங்கி விழுங்கிக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமையும் விழுங்கிவிட்டுத்தான் வேலைக்கு வந்தனான். அது நினைவிலேயே இல்லை. புதிதாக ஊற்றிய தட்டைத் தெரிந்த கிருமி ஒன்றைத் தடவிச் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் பாவிக்கவேண்டும், சோதித்தேன் என்று கையெழுத்தும் வைக்கவேண்டும். நான் கையெழுத்தை மட்டும் வைத்தேன். இருபது வருடத்தில் என் தட்டு பிழைத்ததில்லை, இனியா பிழைக்கப் போகிறது என்ற திமிர்.

எங்கள் ஆய்வுகூடத்தைக் கூட்டித் துடைக்கும் பெண் கொட்டாஞ்சேனையில் இருந்து வருவாள். மலைநாட்டில் பிறந்து கலியாணம் கட்டிக் கொழும்புக்கு வந்தவள். செவ்வாய்க்கிழமை ஏழு வயது மகளையும் கூட்டி வந்தாள். சனிக்கிழமையிலிருந்து காய்ச்சல், எச்சில் விழுங்க முடியவில்லை. டொக்டர் மாத்திரையைக் கொடுத்து, ரிப்போர்ட்டில் கிருமி இருந்தால் மட்டும் தொடங்கச் சொல்லியிருந்தார். நான்தான் அந்தப் பிள்ளையின் தொண்டையில் பஞ்சுக்குச்சியை விட்டு எடுத்தேன். பிள்ளை ஓங்காளித்தது. "அவ்வளவுதான் குஞ்சு, முடிஞ்சுது" என்றேன்.

வியாழக்கிழமை வரை வைத்துப் பார்த்தும் தட்டில் வளையம் இல்லை. வளையம் என்ன, ஒன்றுமே இல்லை. எந்தத் தொண்டையிலும் சும்மா குடியிருக்கிற கிருமிகள் கூட முளைக்கவில்லை. தொண்டை அவ்வளவு சுத்தமாக இருக்காது என்று எனக்குத் தெரியும். அப்படியென்றால் யாரோ முன்னமே மருந்து கொடுத்திருக்கவேண்டும். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. தாழ்வாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தவளைக் கூப்பிட்டேன். சுற்றிவரப் பயிற்சிப் பிள்ளைகள், வாங்கில் காத்திருக்கும் நோயாளிகள்.

"உண்மையைச் சொல்லுங்கோ, இஞ்ச கூட்டி வர முந்தி மாத்திரை குடுத்தனீங்கள்தானே?"

"இல்லீங்க மிஸ். கொத்தமல்லித் தண்ணி மட்டுந்தாங்க வச்சுக் குடுத்தேன்."

"பொய் சொல்லாதேங்கோ. தட்டு பொய் சொல்லாது. உங்களை மாதிரி ஆக்களாலதான் நாட்டில மருந்து ஒண்டும் வேலை செய்யுதில்லை."

அவள் துடைப்பத்தைப் பிடித்தபடி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் 'கிருமி வளரவில்லை' என்று அடித்து, கையெழுத்து வைத்துக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை அவள் வேலைக்கு வரவில்லை. அன்று காலை ஆட்டிரத்தம் வந்து புதுத்தட்டு ஊற்றி வைத்திருந்தோம். பத்து மணித் தேத்தண்ணியோடு என் கடைசி மாத்திரையைக் கைப்பையிலிருந்து எடுத்தேன். எடுத்தது எடுத்தபடி நின்றேன். ஐயோ கடவுளே! அந்தத் தட்டு முழுக்க என் இரத்தம். இரத்தத்துக்குள் இந்த மாத்திரை. கிருமி எப்படி வளரும்? பிள்ளைக்கு மருந்து கொடுத்தது தாய் இல்லை. தட்டுக்குக் கொடுத்தது நான்.

விரலை மடக்கி எண்ணினேன். காய்ச்சல் தொடங்கி ஏழாம் நாள். என் ரிப்போர்ட்டை நம்பி மாத்திரையைத் தொடங்காமலே விட்டிருப்பாள். பஞ்சுக்குச்சியையும் குழாயையும் பையில் போட்டுக்கொண்டு, ஓட்டோ ஒன்றும் இல்லாத வீதியில் பஸ்ஸுக்கு நின்று, நெரிசலில் தொங்கிக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். வழி முழுக்க அந்தப் பிள்ளையின் இருதயம்தான் நினைவு. அவளிடம் எப்படிச் சொல்வது என்று பத்து விதமாக வசனம் கட்டினேன்.

ஒற்றை அறை வீடு. பிள்ளை பாயில் சுருண்டு கிடந்தது. உடம்பு கொதித்தது. என்னைக் கண்டதும் தாய் பதறிப்போய் இருந்த ஒரே கதிரையைத் துடைத்தாள்.

"நீங்க ஏசினதுக்கு முந்தியும் பிந்தியும் ஒரு மாத்திரை குடுக்கலைங்க மிஸ். சத்தியமா."

திரும்பவும் தொண்டையில் எடுத்தேன். எடுத்த கையோடு, டொக்டர் முதல் தந்த மாத்திரையை இப்போதே கொடுக்கச் சொன்னேன். அங்கேயிருந்தே டொக்டருக்குப் போன் எடுத்து, ரிப்போர்ட்டை நம்பவேண்டாம் என்றேன். இதுவரை ஒழுங்காகத்தான் நடந்தேன்.

"அப்ப மொதல்ல எடுத்ததுல ஏன் மிஸ் கிருமி காட்டல?" என்று கேட்டாள். கேட்டுவிட்டுத் தானே பதிலும் சொன்னாள். "நான் அந்தக் கொத்தமல்லித் தண்ணியைக் குடுத்திருக்கக் கூடாதோ? அதுதான் கெடுத்துருச்சோ?"

வேலை போய்விடும் என்ற பயம் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். அதைவிடப் பெரிது வெட்கம். நிலம் துடைக்கிறவளுக்கு முன்னால், அத்தனை பேர் பார்க்க ஏசியவளுக்கு முன்னால், பிழை என்னுடையது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"ஓம்... இருக்கலாம்" என்றேன்.

ஆட்டிரத்தத் தட்டில் மறுநாளே வளையங்கள் விழுந்தன, பளிச்சென்று. என் இரத்தத் தட்டில் தெரிந்த கிருமியைத் தடவிப் பார்த்தேன், ஒரு புள்ளி கூட வரவில்லை. மிச்சத் தட்டுகளை அவித்துக் கொட்டினேன். அதே இரத்தம் ஊற்றிய தட்டுகளில் பார்த்த வேறு இரண்டு பேரை 'மாதிரி போதவில்லை' என்று திரும்ப வரவழைத்தேன். பொறுப்பாளரிடம் தட்டு பழுதாகிவிட்டது என்றேன். ஓட்டை விழுந்த இடத்தைக் கிள்ளி வெளியே எறிந்துவிட்டு நான் மூடிக்கொண்டேன். எறிந்தது அவள் மேல் போய் விழுந்தது.

பிள்ளை சுகமாகிவிட்டது. இருதயத்தில் ஒன்றும் இல்லை என்று பிறகு பார்த்தும் சொன்னார்கள். தாய் ஆய்வுகூடம் முழுக்க என் புகழ்தான் பாடித் திரிந்தாள். பெட்ரோல் இல்லாத நேரத்தில் வீடு தேடி வந்த மிஸ்ஸாம். பொங்கலுக்கு எனக்குப் பொங்கல் கொண்டு வந்தாள். வாங்கிச் சாப்பிட்டேன், சீ!

போன மாதம் பிள்ளைக்கு மறுபடி தொண்டை நோ. வரும்போது பதினொரு மணி. பிள்ளைக்கு இப்போது பத்து வயது, நெடுநெடுவென்று வளர்ந்திருந்தாள். உதடு காய்ந்து வெடித்திருந்தது. நான் பஞ்சுக்குச்சியை எடுத்தேன். அவள் வாயைத் திறக்குமுன் தாயை ஒருதரம் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னாள்.

"நேத்து ராவுல இருந்து பச்சத் தண்ணி கூட குடிக்கல மிஸ், குடிச்சா கிருமி காட்டாதாம். அம்மா பக்கத்து வூட்டுப் புள்ளைங்களுக்கும் சொல்லி வச்சிருக்காங்க."