அறுக்கும்போது வண்டிக்காரர் இருக்கக் கூடாது

காரின் டேஷ்போர்டை அறுத்து அதில் பெரிய திரை பதிப்பது என் அக்காவின் தொழில். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். ஆனால் தெருவில் ‘டாக்டர்’ என்று பெயர் வாங்கியவள் அவள். காரின் வயிற்றைக் கிழித்து உள்ளே ஒன்றை வைத்து, தழும்பு தெரியாமல் பட்டி பார்த்து மூடிவிடுவாள்.

கடை முதலில் அத்தானுடையது. அவர் ஸ்பானரைப் பிடித்ததைவிட அக்காவின் தலைமுடியைப் பிடித்ததுதான் அதிகம். ஒருநாள் பிளாஸ்டிக்கை இளக்குகிற ஹாட் கன்னை அவள் கழுத்தில் காட்டினார். அக்கா அதைப் பிடுங்கி அவர் முகத்துக்கே திருப்பினாள். மீசை கருகிய நாற்றத்தோடு போனவர் போனவர்தான். அவள் கழுத்துத் தோல் இன்னும் சுருங்கியே இருக்கிறது. அதன் பிறகு அவளுக்கென்று மிஞ்சியது அந்த ஒற்றை ஷட்டர் கடையும் வலது கையும்தான். கை போனால் கடையும் போச்சு.

கடையில் ஒரே சட்டம்: அறுக்கும்போது வண்டிக்காரர் பக்கத்தில் இருக்கக் கூடாது. தன் காரில் பிளேடு இறங்குவதைப் பார்த்தால் எப்பேர்ப்பட்டவனுக்கும் நிதானம் தவறிவிடும் என்பாள். எதிரே டீக்கடைக்கு அனுப்பிவிடுவாள்.

கோழிக்கடைக்காரரையும் அப்படித்தான் அனுப்பினோம். புதுக் கார், இருக்கையின் பிளாஸ்டிக் உறையைக்கூட அவர் இன்னும் பிரிக்கவில்லை. “பாத்துப் பண்ணும்மா, பெத்த புள்ள மாதிரி” என்று பானட்டைத் தடவிவிட்டுப் போனார்.

அக்கா ரேடியோவைக் கழற்றினாள். டேப் ஒட்டிக் கோடு போட்டு, ஆக்ஸா பிளேடால் அறுத்தாள். ஒயர்கள் குடல்போல் வெளியே தொங்கின. நான் பிளாஸ்டிக் தூளை ஊதிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அவர் போன் சார்ஜரை எடுக்கத் திரும்பி வந்தார்.

“அடிப்பாவி! என்னடி பண்ணி வச்சிருக்க?”

“அண்ணே, வெளிய போங்க. மூடிட்டா ஒண்ணுமே தெரியாது.”

“கொலைகாரி!”

நாள் முழுக்கக் கழுத்தறுக்கிற மனிதர். வாசலில் கிடந்த வீல் ஸ்பானரை எடுத்தார். முதல் அடி அக்காவின் வலது மணிக்கட்டில். காய்ந்த விறகு ஒடிகிற சத்தம். தடுக்கப் போன எனக்குத் தோளில் ஒன்று. சுவரோரம் போய் விழுந்தேன். மறுபடி அவள் தலைக்கு நேராக ஓங்கினார்.

அக்கா இடது கையால் பிளேடை எடுத்து, தொங்கிய ஒயர்க்கட்டின் மேல் வைத்தாள்.

“இன்னொரு அடி விழுந்துச்சு, மொத்தத்தையும் அறுத்துருவேன். வீடு வரைக்கும் தள்ளிக்கிட்டுப் போ. அடிண்ணே, அடிச்சுப் பாரு.”

ஒரு ஒயரை அறுத்தும் காட்டினாள். தன் விரலே போனதுபோல் அவர் முனகினார்.

“வேணாம்மா… வண்டிய ஒண்ணும் பண்ணிடாத.”

“கீழ வை.”

வைத்தார். கைகளையும் கூப்பினார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அக்கா குனிந்து அதே ஸ்பானரை இடது கையால் எடுத்தாள். அவர் முழங்காலில் இறக்கினாள். சரிந்தவர்மேல் இன்னொன்று. இன்னொன்று. தோள்வலியோடு நான் பின்னாலிருந்து கட்டிப்பிடித்துத்தான் அவளை நிறுத்தினேன்.

ஆஸ்பத்திரியில் அக்காவின் மணிக்கட்டைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். எலும்பு முறிந்திருக்கிறது, நரம்புக்கு ஒன்றுமில்லை, கட்டுப் பிரித்ததும் பழையபடி வேலை செய்யலாம் என்றார்கள். அதைக் கேட்ட பிறகுதான் அவள் அழுதாள். மறைப்புத் துணிக்கு அந்தப் பக்கத்துக் கட்டிலில் கோழிக்கடைக்காரர், காலில் கட்டோடு.

கீழே வைத்தவனை அடிப்பது சரியா? நான் படித்தவன் என்பதால் வருகிற கேள்வியா இது? அல்லது அந்த அடி விழுந்தபோது எனக்குள் இனித்ததே, அதை மறைக்கத்தான் கேட்கிறேனா? தெரியவில்லை. கேட்டுவிட்டேன்.

“ஏன்க்கா, அவருதான் கீழ வச்சுட்டாருல்ல? அப்புறம் எதுக்கு அடிச்ச?”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“மக்கு. வைக்கிறதுக்கு முன்னாடி எப்படிடா அடிக்கிறது? ஸ்பானரு அவன் கையிலதான இருந்துச்சு?”

துணிக்கு அப்பாலிருந்து மெல்லிய குரல் வந்தது. “அம்மா… அந்த ஒரு ஒயரு… அதச் சேத்துருவல்ல?”

“மொதல்ல உன் காலச் சேத்துக்கிட்டு வாண்ணே” என்றாள் அக்கா.