ஆடியைக் கழிக்க இடமுண்டா?

"ஐயா, ஆடி மாதம் முழுவதையும் மேல்முறையீட்டுக் கெடுவிலிருந்து கழித்துக்கொள்ளச் சட்டத்தில் இடம் உண்டா?"

காலவரையறைச் சட்டம் பற்றி நான் வலைப்பதிவில் எழுதியதன் அடியில் இந்தக் கேள்வி வந்த தேதி ஆவணி ஒன்று, விடிகாலை. அது இராசிபுரத்துத் தேதி. டொரொண்டோவில் எனக்கு இன்னும் ஆடி. ஜன்னலில் வெயில்கூட முழுதாக இறங்கவில்லை. நாமக்கல்லில் வக்கீலாக இருந்தவன் நான். இங்கே வழக்காட உரிமம் இல்லை, கிடங்கொன்றில் வேலை. சட்டம் படிக்கும் பிள்ளைகளுக்கும் ஜூனியர்களுக்கும் தமிழில் எழுதுவதுதான் மிச்சமிருக்கும் தொழில்.

கேட்டவர் சுதா, இராசிபுரத்தில் புதிதாகத் தொழிலுக்கு வந்த வக்கீல். இரண்டு நாள் கழித்துப் போனில் அழைத்தபோது அவருடைய கட்சிக்காரர் பாவாயியும் பக்கத்தில் இருந்தார். நாமகிரிப்பேட்டைக்கு அருகே அவர் குடியிருக்கும் வீட்டைக் கணவனின் அண்ணனிடம் ஒப்படைக்க வேண்டும் என்று ஆனிக் கடைசியில் தீர்ப்பு.

"ஏனக்கா, அப்பவே தீர்ப்பு நகலுக்கு மனுப் போட்டிருக்கலாமே?" என்று பாவாயியிடம் கேட்டேன்.

"ஆடில போயி கோர்ட்டுல கையெழுத்துப் போடுவாங்களா சாமி? ஊட்டுக்காரரும் போர் போடுற ரிக் வண்டிலிருந்து போன் பண்ணி, ஆவணி பொறக்கட்டும்னுட்டாருங்க. வக்கீலம்மாளும் செரின்னாங்க."

சுதா முனகினார்: "எங்க சீனியர் ஆபீஸ்லயே ஆடில புதுக் கேஸ் கட்டுப் பிரிக்க மாட்டாங்க சார்."

"கல்யாணமே நிக்குது. கோர்ட்டு மட்டும் என்ன பெருசுங்க?" என்று பாவாயி சிரித்தார்.

சட்டம் தருவது முப்பது நாள். நகலுக்குக் காத்திருக்கும் நாட்களைக் கழிக்கலாம். ஆனால் அந்தக் கெடுவுக்குள் நகல் கேட்டிருக்க வேண்டும். ஆடியோ முப்பத்தொரு நாளுக்குக் குறைவதில்லை. ஒரு மாதம் சும்மா இருந்ததில் வீடு கையைவிட்டுப் போகிறது என்று சொன்னேன். சிரிப்பு நின்றது.

நானும் அந்த ஆடியில் வாடகை ஒப்பந்தத்தைத் தள்ளிப்போட்டிருந்தேன். காரணம் கேட்ட வீட்டு உரிமையாளர் மார்கரெட்டிடம், இது எங்களுக்கு எதையும் தொடங்காத மாதம் என்றேன். "யார் இறந்துவிட்டார்கள்?" என்று கவலையோடு கேட்டார். யாருமில்லை என்றதை அவர் நம்பவில்லை. மாலையில் ஒரு பாத்திரம் சூப் கொண்டுவந்து வைத்து, எத்தனை நாள் வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்று போனார். ஆடி என்னவென்றே அறியாதவர் எனக்கு அதைக் கழித்துக்கொடுத்தார்.

தாமதத்தை மன்னிக்கக் கோரி மனு எழுதினோம். காய்ச்சல் என்று சான்றிதழ் வாங்கிவிடலாமா என்றார் சுதா. "வராத காய்ச்சலை எப்படிங்க எழுதறது?" என்றார் பாவாயி. உள்ளதை உள்ளபடி எழுதினோம். நம்பிக்கை போதிய காரணம் ஆகாதென்று கார்த்திகையில் மனு தள்ளுபடியானது. அந்த மாதம் முடிவதற்குள் கோர்ட் அமீனா வந்து வீட்டைப் பூட்டினார். பாவாயி சேந்தமங்கலத்தில் தங்கச்சி வீட்டில் இருக்கிறார்.

உயர் நீதிமன்றத்தில் சீராய்வு மனு ஒன்றுதான் பாக்கி. மார்கழியும் ஆகாத மாதமாயிற்றே என்று சுதா தயங்கியபோது, "குடுங்க சாமி" என்று காகிதத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார் பாவாயி.

இதை எழுதும்போது அங்கே தை பிறந்துவிட்டது. இங்கே எனக்கு இன்னும் மார்கழி, வெளியே பனி கொட்டுகிறது. ஆடியைப் போதிய காரணமாக ஏற்றுச் சேலம் பக்கத்து நீதிபதி ஒருவர் முன்பொருமுறை உத்தரவிட்டதாக, ஆத்தூரிலிருந்து ஒரு மூத்த வக்கீல் என் பதிவில் குறிப்பு எழுதியிருக்கிறார். வழக்கு எண் இல்லை, ஆண்டும் இல்லை. நானும் சுதாவும் தேடிக்கொண்டிருக்கிறோம். அப்படி ஓர் உத்தரவு இருந்ததா என்பது இதுவரை சரிபார்க்கப்படவில்லை.