கீரை விதைத்தவளும் வேரோடு பிடுங்கியவனும்

இன்று காலை கீரைக்காரம்மா வாசலில் கூடையை இறக்கி, "புளிச்ச கீர கீது சார், ரெண்டு கட்டு போடட்டா?" என்று கேட்டார். "வாணாம்மா, வாணாம்" என்று சொல்லி ஒரு படி பின்வாங்கினேன். கீரையைப் பார்த்துப் பயந்த ஆளை அவர் இதற்கு முன் பார்த்திருக்க மாட்டார். சிரிக்காமல் கேட்பதாக இருந்தால் உங்களுக்குக் காரணம் சொல்கிறேன். சிரித்தாலும் சொல்லத்தான் போகிறேன்.

கனகம்மாசத்திரத்துக்கு உள்ளே தள்ளி எங்கள் நிலம் இருந்தது. எங்கள் வீட்டில் யாரும் எந்தச் செடியையும் 'வளர்த்தது' கிடையாது. நெல்லுக்கு நாற்று விடுவோம், பிறகு நடுவோம். வேர்க்கடலை போடுவோம், எங்கள் வாயில் அது 'கல்ல'. வாழை வைப்போம். எள்ளைத் தெளிப்போம். கீரை விதையை மணலோடு கலந்து தூவுவோம். அவரையைப் பந்தலில் ஏற்றி விடுவோம். எல்லாவற்றுக்கும் பொதுவாகப் பயிர் வைக்கிறது என்போம். பள்ளிக்கூடம் போன பிறகுதான் பயிரிடுதல், விளைவித்தல், சாகுபடி செய்தல் என்ற பெரிய மனிதர்கள் எனக்கு அறிமுகமானார்கள். ஒருமுறை விவசாய அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்து இறங்கி, "என்ன சாகுபடி செய்றீங்க?" என்று என் அப்பாவை, நைனாவை, கேட்டார். நைனா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "அதெல்லாம் நாங்க செய்யறதில்லீங்க. கல்லதான் போட்டுகினு கீறோம்" என்றார். அதிகாரி அதை எழுதிக்கொள்ளவும் முடியாமல் விடவும் முடியாமல் மோர் குடித்துவிட்டுப் போனார்.

வளர்ப்பது என்றால் எங்களுக்கு ஆடு, நாய், பிள்ளை, அப்புறம் முடி. மலைக்கோயிலுக்கு வேண்டிக்கொண்டு ஐந்து வயதுவரை என் முடியை வளர்த்தார்கள். இரட்டைச் சடை, கனகாம்பரம், சிவப்பு ரிப்பன். மணவூர் ஸ்டேஷனில் ஒரு அம்மாள் என் கன்னத்தைக் கிள்ளி, "பொண்ணு லட்சணமா கீறா. எம் பையனுக்குக் குட்த்துடுறியா?" என்று அம்மாவைக் கேட்டாராம். என் அம்மா, "பாக்கலாங்க" என்று சொன்னாராம். மறுக்கவில்லை என்பதைக் கவனிக்கவும்.

வளர்ப்பதைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம், போன மாதம் என் மகள் சொன்ன ஒரு வாக்கியம். அவள் கல்லூரியில் முதலாண்டு. ஒரே பெண். அடிக்கடி மாடிக்குப் போய் வந்தாள். என்ன என்று கேட்டேன். "ஒண்ணு வளக்கறேம்ப்பா. டேங்குக்குப் பின்னாடி மறைச்சு வெச்சிருக்கேன், குரங்குக்குத் தெரிஞ்சா காலி" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

எங்கள் தெருவில் குரங்குகள் உண்டு. மலையிலிருந்து இறங்கி வந்து, காயவைத்த வடகத்தை உப்புப் பார்த்துவிட்டுப் போகும். ஆனால் பெண்ணைப் பெற்றவனுக்கு அது நினைவுக்கு வராது. 'குரங்கு' என்பது யாருடைய பட்டப்பெயர் என்று இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள், பெற்றோர் வாட்ஸப் குழுவில் ஒரு படம் வந்தது. ஐந்து விரல் விரித்த இலை, ஓரமெல்லாம் பல். 'உங்கள் பிள்ளைகளைக் கவனியுங்கள்.'

அவள் கல்லூரிக்குப் போனதும் மாடிக்கு ஏறினேன். டேங்குக்குப் பின்னால், பழைய கொசுவலைக்குள் நான்கு தொட்டிகள். ஐந்து விரல். ஓரமெல்லாம் பல்.

மனைவி அப்போது புத்தூரில் அவள் அண்ணன் வீட்டில் இருந்தாள். இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. நான் நான்கு தொட்டிச் செடிகளையும் வேரோடு பிடுங்கி, ஜவுளிக்கடைப் பையில் திணித்து, வண்டியில் மாட்டிக்கொண்டு கே.ஜி.கண்டிகை பக்கம் கிளம்பினேன். ஏரியில் எறிந்துவிடுவது திட்டம். எரித்தால் வாசனை வரும் என்று எங்கோ படித்திருந்தேன். படிப்பு எதற்கெல்லாம் உதவுகிறது பாருங்கள்.

பாதி வழியில் வாகனச் சோதனை. மாநில எல்லைப் பக்கம் என்பதால் அது அடிக்கடி நடப்பதுதான். இளம் பெண் காவலர் ஒருவர் கையைக் காட்டினார்.

"பையில என்னா சார்?"

"அது எங்களுது இல்லீங்க மேடம்."

"உங்க வண்டியில மாட்டிகினு கீதே."

"எங்களுதுதான். ஆனா நாங்க வைக்கல."

"பின்ன யாரு வெச்சது?"

"குரங்கு..." என்று ஆரம்பித்துவிட்டேன். பிறகு எனக்கே கேட்காத குரலில், "கஞ்சான்னு சத்தியமா எனக்குத் தெரியாது மேடம்" என்றேன்.

அவர் ஓரடி தள்ளி நின்று, "ஏட்டய்யா, சீக்கிரம் வாங்க!" என்று கத்தினார். வயதான ஏட்டு ஒருவர் வந்து பையைப் பிரித்தார். ஓர் இலையைக் கசக்கி முகர்ந்தார். வாயில் போட்டு மென்றார். அரசு ஊழியர் பட்டப்பகலில் இப்படிச் செய்யலாமா என்று அந்த நிலையிலும் எனக்குத் தோன்றியது.

"சார், நாங்க பையிலே என்னான்னுதான் கேட்டோம். கஞ்சான்னு நீங்களே சொல்றீங்க. இது புளிச்ச கீரை."

"நெஜமாவா?"

"தின்னு பாருங்க."

தின்றேன். நாற்பது வருடமாகத் தெரிந்த புளிப்பு. எங்கள் கடலைக் கொல்லையின் வரப்பு முழுக்க நின்ற செடி. முற்றினால் மேலிலை விரல் விரலாகப் பிரியும் என்பது எனக்குத் தெரியாததல்ல. பயம் வந்தால் தட்டில் இருக்கும் கீரையைக்கூட மனிதன் படத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பான் போலிருக்கிறது.

பெண் காவலர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "கீரைய கிள்ளுவாங்க சார். யாராச்சும் வேரோட புடுங்குவாங்களா? போய் நட்டு தண்ணி ஊத்துங்க, பொழச்சாலும் பொழைக்கும்" என்றார்.

நட்டேன். தண்ணீர் ஊற்றினேன். கொசுவலையைப் பழையபடி போர்த்தினேன். செடிகள் நான்கும் பரீட்சையில் தோற்ற பிள்ளைகள் மாதிரி தலையைத் தொங்கப்போட்டு நின்றன.

சாயங்காலம் மகள் மாடியிலிருந்து இறங்கி வந்தாள். "என்னப்பா ஆச்சு என் செடிங்களுக்கு?"

"குரங்கு" என்றேன்.

"குரங்கு புடுங்கிட்டு, திருப்பி நட்டு, தண்ணியும் ஊத்திட்டுப் போச்சா?"

வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். வாகனச் சோதனை வந்த இடத்தில் சிரிக்க ஆரம்பித்தாள். ஏட்டு இலையை மென்ற இடத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். நானும் சேர்ந்து சிரித்தேன். அப்பாடா என்றிருந்தது. பிறகு அவள் சிரிப்பு மெல்ல நின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

"நான் அப்பிடி செய்வேன்னு நெனச்சியாப்பா?"

நான் குழுவில் வந்த படத்தைக் காட்டினேன். அவள் அதைப் பார்க்கவில்லை.

அந்தச் செடிகளில் ஒன்று பிழைத்தது. மனைவி ஊரிலிருந்து வந்ததும் துவையல் அரைத்துத் தந்தாள். மூவரும் சாப்பிட்டோம். மகள் எனக்கு இரண்டாவது தரம் பரிமாறவும் செய்தாள். கோபம் ஏதுமில்லை.

இப்போது மாடியில் புதுத் தொட்டிகள் வந்திருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஐஸ் குச்சியில் பெயர் எழுதிக் குத்தியிருக்கிறாள். வெந்தயம், தக்காளி, பச்சை மிளகாய். துளசிக்கும் ஒரு குச்சி. குச்சி வைக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. வெளியே கிளம்பும்போது எங்கே, யாரோடு, எந்தப் பஸ்ஸில் திரும்புவாள் என்று என் எதிரில் நின்று முழுதாகச் சொல்லிவிட்டுத்தான் போகிறாள். பெற்றவர்கள் எல்லாரும் ஆசைப்படுவது இதற்குத்தான். முன்பெல்லாம் ஒரு கால் செருப்பை மாட்டிக்கொண்டே "வரேம்ப்பா" என்று ஒரு கத்தல். எங்கே என்று நான் கேட்டு முடிப்பதற்குள் தெருமுனை தாண்டியிருப்பாள்.