தல்லாகுளத்தில் நாலு நாள் கறி தோசை

உணவு வண்டித் தொழிலில் வெயில் இரண்டு பக்கமும் அடிக்கும். தலைக்கு மேலே ஒன்று, தோசைக்கல்லுக்குக் கீழே ஒன்று, நடுவில் வெந்துகொண்டு நிற்பவரிடம் வந்துதான் ஊரே "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க" என்று சொல்லும். ஏற்கெனவே இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்ட உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இனிமேல் மாட்டப் போகிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

என் பெயர் ஸ்டெல்லா. ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் பதினாலு வருஷம் கிளார்க்காக இருந்தேன். பரீட்சை லீவு விட்ட வாரத்தில் கூப்பிட்டு, "அடுத்த வருஷத்துக்கு உங்க போஸ்ட் கிடையாதும்மா" என்றார்கள். ஒரு மாதம் வீட்டில் உட்கார்ந்து சீலிங்கைப் பார்த்தேன். அப்புறம் நானும் என் நாத்தனார் புஷ்பமும் சேர்ந்து ஒரு பழைய குட்டியானையை வாங்கினோம். லோடு அடிக்கிற அந்தச் சின்ன வண்டிதான். பின்னால் தகரக் கூண்டு அடித்து, அடுப்பையும் கல்லையும் ஏற்றி, செல்லூரில் சாயங்காலக் கடை போட்டோம். விற்பது ஒரே பண்டம், கறி தோசை. புஷ்பம் கறியைப் பார்த்துக்கொள்வாள், நான் கல்லைப் பார்த்துக்கொள்வேன். போன கோடையில் தல்லாகுளம் பக்கம் ஒரு மைதானத்தில் நாலு நாள் உணவு வண்டித் திருவிழா என்று விளம்பரம் வந்தது. விண்ணப்பம் போட்டோம். இடமும் கிடைத்தது.

டிரைவர் எங்க?

மைதானத்துக்கு ஒரே கேட். அதற்கு முன்னால் ஒரு சாக்கடைப் பாலம், பக்கத்தில் ஒரு டிரான்ஸ்பார்மர். வண்டிகள் ரிவர்ஸில்தான் உள்ளே போக வேண்டும். கேட்டில் கழுத்தில் அட்டை மாட்டிய ஒருவர் நின்றார். என் வண்டிக் கதவைத் திறந்து, என்னைத் தாண்டி எட்டிப் பார்த்து, "டிரைவர் எங்க?" என்றார். நான் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன். "நான்தான்" என்றேன். "இல்லக்கா, ரிவர்ஸ் எடுக்கணும். சாவியக் குடுங்க, ஆள் வரச் சொல்றேன்" என்றார்.

எனக்கு ரிவர்ஸ் சுமாராகத்தான் வரும். அதை அவரிடம் சொல்ல வேண்டிய அவசியமில்லை. செல்லூர் சந்துகளில் எதிரே நூல் மூட்டை வண்டி வந்தால் நான்தான் பின்னால் போக வேண்டியிருக்கும். அந்தப் பழக்கம் ஒன்றுதான் கையில் இருந்தது. புஷ்பம் இறங்கிப் பின்னால் போய் நின்று, "வாங்க மதினி, வாங்க, ஒடிங்க, இன்னும் ஒடிங்க" என்று கத்தினாள். ஏழெட்டுத் தடவை முன்னும் பின்னும் போனேன். முதுகு பூராவும் வேர்வை. எதிலும் இடிக்காமல் உள்ளே போய் நின்றதும், ஸ்டூலில் உட்கார்ந்திருந்த வாட்ச்மேன் பெரியவர் எழுந்து வந்தார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிக் கீறல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சொன்னார்:

"காலையில இருந்து வந்த ஆம்பளைங்க நாலு பேரு இந்தக் கேட்டுத் தூண முட்டிட்டுத்தான் உள்ள போனாங்க, நீங்கதான் அத மட்டும் மறந்துட்டீங்க."

வெங்காயம்

எனக்கு ஒதுக்கியது கேட்டுக்குப் பக்கத்தில், வேப்பமர நிழலில் இருந்த இடம். கையெழுத்தும் சீலும் வைத்த தாள் என் கையில் இருந்தது. போய்ப் பார்த்தால் அங்கே ஒரு பெரிய வண்டி. கறுப்புக் கண்ணாடி, கலர் கலராக லைட்டு, சீஸ் போட்ட கோழி பர்கர். வெளியூரிலிருந்து வந்திருந்தது. விழாவை நடத்திய இளைஞர் தினேஷ் ஓடி வந்தார். "அக்கா, அவங்க ஸ்பான்ஸர். உங்களுக்குப் பின்னாடி நல்ல இடம் இருக்கு" என்றார். பின்னாடி போய்ப் பார்த்தேன். ஒரு பக்கம் ஜெனரேட்டர், இன்னொரு பக்கம் நடமாடும் கழிப்பறை. இடம் நல்ல இடம்தான், கழிப்பறைக்கு.

"முடியாது தம்பி" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. பதினாலு வருஷம் "சரிங்க சார்" மட்டுமே சொன்ன வாய். "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்கக்கா, எல்லாரும் பண்றாங்கல்ல" என்றார் அவர். நான் திரும்பிப் போய் வண்டியில் ஏறி, அதை நடுப்பாதையிலேயே நிறுத்தி, சாவியை எடுத்து ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டேன். புஷ்பம் இறங்கினாள். பலகையைப் போட்டாள், வெங்காய மூட்டையைப் பிரித்தாள், உரிக்க ஆரம்பித்தாள். நானும் உட்கார்ந்தேன். எங்களுக்குப் பின்னால் ஐஸ்கிரீம் வண்டி, கரும்புச்சாறு வண்டி, பணியார வண்டி என்று வரிசையாக ஹாரன் அடித்தார்கள். தினேஷ் கெஞ்சினார், கோபப்பட்டார், யாருக்கோ போன் போட்டார், மறுபடி கெஞ்சினார். அரை மூட்டை உரித்திருப்போம். கடைசியில் அந்தப் பெரிய வண்டியைப் பத்தடி தள்ளி நிறுத்தச் சொல்லிவிட்டு, எங்கள் முன்னால் வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"மரத்தடிக்கே போங்கக்கா, ஆனா அந்த வெங்காயத்த மட்டும் மூடி வைங்க, என்னால பேச முடியல."

சோகக் கதை

இரண்டாம் நாள் மாலை, கையில் ஒரு கம்பும் அதன் நுனியில் செல்போனுமாக ஒரு பையன் வந்தான். ஊர் ஊராகச் சாப்பிட்டு வீடியோ போடுகிறவன். நல்ல பையன்தான், ரெண்டு கறி தோசையை ரசித்துத் தின்றான். தின்று முடித்ததும் குரலைத் தாழ்த்தி, "அக்கா, இப்ப உங்க கஷ்டத்தச் சொல்லுங்க" என்றான். "என்ன கஷ்டம்?" என்றேன். "வேலை போயிருச்சுல்ல, குடும்பத்தக் காப்பாத்த ரோட்டுக்கு வந்துட்டீங்கல்ல, அந்த இடத்துல கொஞ்சம் கண்ணு கலங்குனா நல்லா இருக்கும். வியூஸ் பிச்சுக்கும்க்கா" என்றான்.

வேலை போனபோது நான் அழுதது உண்மை. ஆனால் அது என் அழுகை. போனில் விரலால் தள்ளித் தள்ளிப் பார்ப்பதற்கு இல்லை. "தம்பி, கறி எப்படி அரைச்சோம், மாவு எப்படிப் புளிச்சுதுன்னு கேளு, எம்புட்டு நேரம் வேணும்னாலும் சொல்றேன்" என்றேன். அவன் முகம் வாடிப்போனது. புஷ்பத்தைப் பார்த்தான். அவள் கையில் கறி வெட்டும் கத்தி இருந்ததால் அந்தப் பக்கம் போகவில்லை. வண்டியை ஒரு தடவை சுற்றி வந்தான். என் வீட்டுக்காரர் கோர்ட்டில் டைப்பிஸ்ட் என்றும், வேலை முடிந்து நேராக இங்கேதான் வருவார் என்றும் யாரிடமோ விசாரித்திருக்கிறான். திரும்ப வந்து, கடைசி நம்பிக்கையோடு கேட்டான்:

"அக்கா, அண்ணனுக்கு உடம்புக்கு ஏதாச்சும் இருக்கா?"

எழுதிக் குடுங்க

மூன்றாம் நாள் விளக்குப் போட்ட நேரம். நல்ல கூட்டம். பக்கத்துக் குடியிருப்பின் சங்கச் செயலாளர் வந்தார். ரிட்டயர்டு அதிகாரி, மடிப்புக் கலையாத சட்டை. "கறி வாசனை எங்க மாடி வரைக்கும் வருதும்மா. சில பேர் ஃபீல் பண்றாங்க. நாளைக்கு நீங்க வேற ஏதாவது போடுங்க. ஊத்தப்பம் மாதிரி" என்றார். வரிசையில் நின்றவர்கள் கேட்காத மாதிரி கேட்டுக்கொண்டு நின்றார்கள். நான் கேட்டேன்: "அந்தப் பெரிய வண்டியில கோழிதான் விக்கிறாங்க. அவங்ககிட்டச் சொல்லிட்டீங்களா சார்?"

"அது வேறம்மா. அது வந்து... டீசன்ட்டா பேக் பண்ணிக் குடுக்கறாங்க."

எனக்கு உடம்பு முழுக்கச் சூடு ஏறியது. கத்தியிருந்தால் அவருக்கு வசதியாகப் போயிருக்கும். "பொம்பளை சண்டைக்கு வாரா" என்று சொல்லி அப்புறப்படுத்தியிருப்பார். நான் கல்லில் கிடந்த தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டு, ஆபீஸ் குரலில் சொன்னேன். "சரிங்க சார். இத எழுதிக் குடுத்துருங்க. எந்தக் கடையில எந்தக் கறி போடக் கூடாது, எதுக்காகப் போடக் கூடாதுன்னு சங்க லெட்டர்ல எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுங்க. நான் வண்டியில ஒட்டிர்றேன். வர்றவங்க படிச்சுக்கட்டும்."

பையிலிருந்து பேனாவை எடுத்தார். புஷ்பம் தாள் கொடுத்தாள். 'இதன் மூலம் தெரிவிப்பது என்னவென்றால்' என்று எழுதினார். நிறுத்தினார். அதற்கு மேல் பேனா ஓடவில்லை. அந்த மனிதர் வாழ்க்கை முழுவதும் கோப்புகளோடு இருந்தவர், நானும் அப்படித்தான். வாயால் சொல்லலாம், தாளில் வைக்க முடியாத விஷயங்கள் சில உண்டு என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். தாளை நாலாக மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். போகும்போது ரொம்ப மெதுவாக, கிட்டத்தட்ட சக ஊழியரிடம் சொல்கிற மாதிரி சொன்னார்:

"எழுதிட்டா அது ரெக்கார்டு ஆயிரும்மா."

சிறப்பு விருந்தினர்

அன்றைக்கே இன்னொன்றும் நடந்தது. கோலப் போட்டிக்குப் பரிசு கொடுக்க ஒரு சிறப்பு விருந்தினரை அழைத்திருந்தார்கள். மேடையில் பெயரைச் சொன்னபோதுதான் தெரிந்தது, என் பழைய பள்ளியின் தலைமையாசிரியை. என் கடைசி நாள் கடிதத்தில் கையெழுத்துப் போட்டவர். நான் எந்தத் தப்பும் செய்யவில்லை, ஆனாலும் ஏப்ரனோடு அவர் முன்னால் நிற்க வெட்கமாக இருந்தது. "உள்ள போய் உக்காருங்க மதினி, நான் பாத்துக்கறேன்" என்றாள் புஷ்பம். உட்கார்ந்திருப்பேன். ஆனால் கல்லில் நாலு தோசை வெந்துகொண்டிருந்தது.

பரிசு கொடுத்து முடித்து, விழாக்காரர்கள் புடைசூழ அவர் என் வண்டிக்கு வந்தார். வரிசையில் நிற்கவில்லை, நேராகப் பக்கவாட்டில் வந்தார். "என்ன ஸ்டெல்லா, இப்படி அனல்ல நின்னு... பாக்கவே சங்கடமா இருக்கு" என்றார். பொய்யாகச் சொல்லவில்லை, கண்ணில் உண்மையான வருத்தம் இருந்தது. "ஜூன்ல ஆபீஸ்ல ஒரு இடம் வருது. டெம்பரரிதான். வந்துரு. நான் பேசிக்கறேன்."

ஒரு நிமிஷம் எனக்கு அந்த நாற்காலி ஞாபகம் வந்தது. அதற்கு மேலே ஓடும் மின்விசிறி, ஜன்னலோரத் தண்ணீர்ப் பானை, அஞ்சு மணிக்கு வீடு. மழைக்காலத்தில் வியாபாரம் எப்படி இருக்குமோ என்ற பயமும் வந்தது. மறைக்க மாட்டேன், ஆசையாகத்தான் இருந்தது. கூடவே, அந்த நாற்காலியிலிருந்து என்னை எழுப்பிவிட எவ்வளவு நேரம் ஆனது என்பதும் ஞாபகம் வந்தது. ஒரு கடிதம் படிக்கும் நேரம்.

"இல்ல மேடம், நான் வரல" என்றேன். "சாப்பிடுறதா இருந்தா வரிசையில வாங்க. முன்னாடி ஏழு பேர் இருக்காங்க."

சுற்றி நின்றவர்கள் முகம் மாறியது. தினேஷ் என்னை முறைத்தார். மேடம் கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, நடந்துபோய் வரிசையின் கடைசியில் நின்றார். வரிசையோடு நின்று நகர்ந்து வந்தார். தன் முறை வந்தபோது, தட்டை நீட்டி, கொஞ்சம் தடுமாறிச் சொன்னார்:

"காரம் கம்மியா ஒண்ணு போடு... போடுங்க, ஸ்டெல்லா."

காற்றும் மழையும்

கடைசி நாள் அஞ்சு மணிக்கெல்லாம் வானம் கறுத்தது. வேப்பமரம் சாமியாடுவது போல ஆடியது. கோடை மழை நம் ஊரில் எப்படி வரும் என்று உங்களுக்குத் தெரியும், சொல்லிக்கொண்டு வராது. பத்து நிமிஷத்தில் கொடிகள் கிழிந்தன, மேடைத் துணி பறந்தது, கரண்ட் போனது, ஜெனரேட்டரும் நின்றது. அந்தப் பெரிய வண்டியில் எல்லாமே கரண்டில் ஓடுவது. லைட்டும் செத்து, அடுப்பும் செத்து, உள்ளே மூன்று பையன்கள் கறுப்புக் கண்ணாடி வழியாக மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எங்களுடையது சிலிண்டர். காற்று வரும் பக்கத்துத் தகரக் கதவை இறக்கினோம். தார்ப்பாயை ஒரு முனை வண்டியிலும் ஒரு முனை மரத்திலும் புஷ்பம் இழுத்துக் கட்டினாள். அதற்கடியில் முப்பது நாற்பது பேர் ஒண்டினார்கள். ஈரத்தில் நடுங்கிக்கொண்டிருந்த குழந்தைகளுக்கு முதலில் சுட்டுக் கொடுத்தேன். கல்லிலிருந்து ஆவி எழும்ப எழும்ப, கூட்டம் நெருங்கி வந்தது. அந்த மூன்று பையன்களும் தலையில் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துக்கொண்டு ஓடிவந்து வரிசையில் நின்றார்கள்.

அப்போது தினேஷ் சொட்டச் சொட்ட வந்தார். மைக் வேலை செய்யாததால் ஒவ்வொரு வண்டியாகப் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தார். "விழா முடிஞ்சுருச்சு, கடைய மூடுங்க. கமிட்டியில சொல்லிட்டாங்க." நான் மாவை ஊற்றிக்கொண்டே, "நிக்கிறவங்களுக்குப் போட்டு முடிச்சுட்டு மூடுறேன்" என்றேன். "இல்லக்கா, இப்பவே" என்று குரலை உயர்த்தினார். நான் பதில் சொல்வதற்குள், இடுப்பில் பிள்ளையோடு வரிசையில் நின்ற ஒரு பெண், தலையைத் துவட்டிக்கொண்டே நிதானமாகச் சொன்னாள்:

"நீங்க விழாவ முடிச்சுக்கங்கண்ணே, நாங்க சாப்பிட்டு வாரோம்."

எங்கே வேண்டுமானாலும் நகர்த்தலாம் என்பதற்காகத்தான் கடைக்குச் சக்கரம் வைத்திருக்கிறோம் என்று ஊரில் பலர் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில், தினமும் நாலு பேரிடமாவது நகர மாட்டேன் என்று சொல்லாமல் ஓட்ட முடியாத ஒரே வண்டி உணவு வண்டிதான்.